விட்ஸ் ஹீட்டர்: நுவரெலியா ஏறினால் சூடு வருதில்லை

வெள்ளவத்தை விட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2007 விட்ஸ், கேஎஸ்பி90, மூன்று சிலிண்டர் 1000 சிசி எஞ்சின். ஜப்பானில இருந்து வந்து, கனகாலம் யாழ்ப்பாணத்தில ஓடி, இப்ப என்ர கையில. கொழும்புக்குள்ள ஒரு குறையும் இல்லை. ஏசி நல்லாக் குளிரும், ரேடியேட்டர் கொதிக்கிறதில்லை.

தை மாசம் ஹட்டன் ரோட்டால நுவரெலியா போனம். தலவாக்கலை தாண்டினவுடனே முன் கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடிக்கத் தொடங்கிட்டுது. டயலைச் சிவப்புக் கடைசிக்குத் திருப்பி ஃபேனை 4இல விட்டும் வந்தது குளிர் காத்துதான். நானுஓயாவில ஒரு கடையடியில நிப்பாட்டி எஞ்சினை ஓட விட்டு வைச்சிருக்கேக்க கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தது. திரும்ப ஓடத் தொடங்க அதுவும் போச்சு.

இன்னொண்டு. வரேக்க றம்பொடைப் பக்கத்தால இறங்கினம். இறக்கத்தில மீட்டரில அந்த நீல லைட் திரும்பப் பத்தினது. வழமையா காலமை ஸ்டார்ட் பண்ணேக்க மட்டும்தான் பத்தும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) போத்திலில அளவு சரி, ஆனா உள்ள இருக்கிறது நிறமே இல்லாத தண்ணி.

வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு கராஜில காட்டினன். அங்க மெக்கானிக் பாஸ் சிரிச்சுப்போட்டு, ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் ஒண்டாச் சேர்த்து விடுவம், தொல்லை இல்லை எண்டுறார். சித்திரை லீவுக்குத் திரும்பப் போகவேணும். ஆரும் இதைப் பார்த்துச் செய்த ஆக்கள் இருக்கிறீங்களோ?

மட்டக்குளி மாமா

தம்பி, பாஸ் சொன்னதில என்ன பிழை? ஹீட்டர் ஜப்பான்காரனுக்கு. கொழும்பில இருக்கிறவனுக்கு வருசத்தில ஒரு தரம் நுவரெலியா. அதுக்காக டாஷ்போர்டைக் கழற்றிக் காசைக் கொட்டுறதா? சுவெட்டரைப் போடுங்க, கண்ணாடியை ரெண்டு விரல் அளவுக்கு இறக்கி விடுங்க, ஆவி போயிடும். நாங்க எல்லாம் பழைய சன்னியில போய் வந்தனாங்கள்.

பஞ்சிகாவத்தைக்காரன்

விட்ஸ் தம்பி, ஹோஸைச் சேர்க்க விடாதீங்க. கொஞ்சம் பொறுங்க.

மாமா சொல்ற சுவெட்டர் கதை ஹீட்டருக்குச் சரி. ஆனா இங்க வருத்தம் ஹீட்டர்ல இல்லைன்னுதான் எனக்குப் படுது. நீங்க எழுதினதுல முக்கியமான வரி அந்த நீல லைட். உங்க விட்ஸ்ல வெப்ப ஊசி கிடையாது. எஞ்சின் தண்ணி குளிரா இருந்தா நீலம், அளவுக்கு மீறிச் சூடானா சிவப்பு, அவ்வளவுதான். ஓடிச் சூடான எஞ்சின் இறக்கத்துல நீலத்துக்குத் திரும்புதுன்னா தண்ணி அந்தளவுக்கு ஆறிப் போகுது. தெர்மோஸ்டாட், அதாவது தண்ணிச் சூட்டைப் பார்த்து ரேடியேட்டர் பாதையைத் திறந்து மூடுற வால்வு, ஒழுங்கா வேலை செய்யிற வண்டியில அப்படி நடக்காது.

ஹீட்டர்னு தனியா அடுப்பு ஒண்ணும் உள்ள இல்லை. பெற்றோல் எரிஞ்சு வர்ற சக்தியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு எஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணிக்குப் போயிடுது. அந்தத் தண்ணியில ஒரு பங்கு ரெண்டு ஹோஸ் வழியா டாஷ்போர்டுக்குப் பின்னால இருக்கிற ஹீட்டர் கோருக்கு வரும். கோர்னா சின்ன ரேடியேட்டர்தான். அதுக்கூடாக ஃபேன் காத்தை அடிச்சா உங்களுக்குச் சூடு. தண்ணி 85, 90 பாகையில இருந்தாத்தான் அந்தக் காத்து சுடும். 50 பாகைத் தண்ணியை வச்சுக்கிட்டு டயலை எவ்வளவு திருப்பினாலும் பிரயோசனம் இல்லை. ஏசி நல்லாக் குளிருதுன்னு நீங்க எழுதினது இதுல ஒரு துப்பும் தராது, அது வேற பாதை.

தெர்மோஸ்டாட் என்ன செய்யுது? தண்ணி சூடாகிற வரைக்கும் ரேடியேட்டர் பாதையை மூடி வச்சிருக்கும். 82னு பொறிச்சிருந்தா 80க்கும் 84க்கும் இடையில திறக்கத் தொடங்கும். தண்ணி ஆறினா திரும்ப மூடும். அது திறந்தபடி இறுகிப் போனாலோ, யாராவது கழற்றி எறிஞ்சிருந்தாலோ, எப்பவும் முழு ரேடியேட்டரும் வேலை செய்யும். கொழும்புல 32 பாகைக் காத்துல, காலி வீதி டிராஃபிக்ல ஊர்ந்துகிட்டு இருந்தா வித்தியாசமே தெரியாது. தலவாக்கலைக்கு மேல 14, 15 பாகைக் காத்து முகத்துல அடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நிப்பாட்டி வச்சா வெதுவெதுப்பு, ஓடினா குளிர்னு நீங்க சொன்னதும் இதே கதைதான். நின்னா ரேடியேட்டருக்குக் காத்து இல்லை, தண்ணி சூடாகுது.

என்னோட பந்தயம்: உங்க வண்டியில தெர்மோஸ்டாட்டே இருக்காது. அது இருக்கிற கூட்டை, ஹவுசிங்கைத் திறந்து பாருங்க.

நானுஓயா பனி

அண்ணே சொல்றது சரிங்க. நான் வேன் ஓட்டுறேன், கொழும்புல இருந்து வர்ற காருங்கள்ல பாதிக்கு இந்த வியாதிதான். ரோட்டோரமா நிப்பாட்டிட்டு, கண்ணாடிய கையால தொடச்சுக்கிட்டு நிப்பாங்க.

மாமா, ரெண்டு விரல் கண்ணாடி எறக்குற யோசன பகல்ல ஓகே. ராத்திரி எட்டு மணிக்கு நானுஓயா வளைவுல மேகம் எறங்கி, தூத்தலும் விழுந்துச்சுன்னா அது பத்தாதுங்க. எதுக்க லொறி வர்றதே தெரியாது. தை, மாசியில இங்க தேயிலக் கொழுந்து பனியில கருகிப் போற நாளெல்லாம் இருக்கு. விடியக்காலம் கண்ணாடியில வெள்ளையா ஐஸ் படிஞ்சிருக்கும். அதுமேல சுடுதண்ணிய ஊத்திடாதீங்க, கண்ணாடி வெடிச்சிடும்.

சரி பண்ற வரைக்கும் ஒண்ணு செய்யுங்க. ஏசிய போடுங்க. ஆமா, குளிர்லதான். ஏசி காத்துல இருக்கிற ஈரத்த எடுத்துடும். காத்து வெளியில இருந்து வர்ற மாதிரி நெம்புகோலத் தள்ளிக்கிட்டு, கண்ணாடிக்கு அடிக்கிற பக்கம் திருப்பி விடுங்க. கொழும்புக்காரங்க எப்பவும் உள்காத்து சுத்துற பக்கமே வச்சிருப்பீங்க, புகைக்கும் தூசிக்கும் பயந்து. அஞ்சு பேர் மூச்சும், நனைஞ்ச குடையும், ஈரச் சப்பாத்தும் எல்லாம் உள்ளுக்கேயே சுத்துனா கண்ணாடி எப்படிங்க தெளியும்?

வெள்ளவத்தை விட்ஸ்

ஏசி போட்டால் இன்னும் குளிருமெண்டு அதை நிப்பாட்டியெல்லோ வைச்சிருந்தம். நன்றி அண்ணே. எங்கட வண்டியில அந்த நெம்புகோல் உள்காத்துப் பக்கம்தான் எப்பவும் இருக்கிறது.

கொழும்பிலயும் மழைக்குக் கண்ணாடி மங்கும். அப்ப ஏசியைக் கூட்டினால் இன்னும் மோசமாகுது. அது ஏன்?

நானுஓயா பனி

அது வெளிப்பக்கத்து ஆவிங்க. வைப்பர ஒரு தரம் போட்டுப் பாருங்க, போயிடுச்சுன்னா வெளியில. கொழும்புல வெளிக்காத்துதான் சூடும் ஈரமும். உள்ள நீங்க கண்ணாடிய ஏசியால குளிர வச்சா வெளிய வேர்க்கும். அப்ப ஏசி குளிரக் கொறைங்க, காத்த கண்ணாடியில அடிக்காம திருப்புங்க. எங்க ஊர்ல அதுக்கு நேரெதிர், வேர்க்கிறது உள்பக்கம்.

ஸ்கார்பரோ அண்ணை

நான் கனடாவில இருந்து. எங்களுக்கு இங்க மைனஸ் 20இல ஹீற்றர் வேலை செய்யாட்டில் அது வசதிக் குறைவு இல்லை, ஆபத்து. அதால ஒவ்வொரு ஒக்டோபரும் பார்க்கிற பழக்கம் இருக்கு. கராஜுக்குப் போக முதல் நீங்களே வீட்டில பார்க்கக்கூடியதைச் சொல்லுறன்.

எஞ்சின் ஆறியிருக்கேக்க ரேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்குதோ எண்டு பாருங்கோ. போத்திலில அளவு சரியாய் இருக்கும், ரேடியேற்றர் உள்ளுக்குக் குறைஞ்சிருக்கும், மூடியின்ர ரப்பர் பழுதாப் போனால் அப்பிடித்தான். தண்ணி குறைஞ்சால் முதலில பட்டினி கிடக்கிறது ஹீற்றர் கோர்தான், ஏனெண்டால் கன வண்டியில அது உயரத்தில இருக்கு, காற்று போய் அங்கதான் அடையும். டாஷுக்குப் பின்னால கடகடவெண்டு தண்ணி ஓடுற சத்தம் கேட்டால் காற்று அடைச்சிருக்கு எண்டு அர்த்தம். சூடான எஞ்சினில மட்டும் அந்த மூடியைத் தொடாதேங்கோ. கொதிநீர் முகத்தில பாயும்.

பிறகு எஞ்சினை நல்லாச் சூடாக்கி, ஹீற்றரை முழுச் சூட்டுக்கு வைச்சு, பொனெற்றைத் திறந்து, எஞ்சினுக்கும் கபினுக்கும் இடையில உள்ள தகரச் சுவரடியில ரெண்டு ரப்பர் ஹோஸ் உள்ளுக்குப் போகும், அதைக் கவனமாத் தொட்டுப் பாருங்கோ. ரெண்டும் கை வைக்க ஏலாத சூடு எண்டால் தண்ணிப் பக்கம் சரி, பிழை காற்றுப் பக்கத்தில. ஒண்டு சூடு மற்றது குளிர் எண்டால் கோர் அடைச்சிருக்கு, இல்லாட்டில் காற்று. ரெண்டும் வெதுவெதுப்பு எண்டால் எஞ்சினே சூடாகயில்லை, தெர்மோஸ்ரற்றைப் பாருங்கோ. ஃபேன் பெல்ட்டுக்குக் கிட்டக் கையைக் கொண்டு போகாதேங்கோ.

நிக்கேக்க குளிர், அக்சிலேற்றரை மிதிச்சால் சூடு எண்டு ஆருக்கும் இருந்தால் அது வேற வருத்தம். தண்ணி குறைவு, அல்லது பம்ப் களைச்சுப் போச்சு. உங்கட கேஸ் அதுக்குத் தலைகீழ்.

மட்டக்குளி மாமா

தெர்மோஸ்டாட் கழற்றினது பாஸ்மார் வேணுமெண்டு செய்யிற வேலை. இந்த வெக்கைக்கு எஞ்சின் எவ்வளவு குளிரா ஓடுதோ அவ்வளவு நல்லது. என்ர லான்சரில கழற்றின நாள் தொடக்கம் கொதிச்சதே இல்லை.

பஞ்சிகாவத்தைக்காரன்

மாமா, இதுல நான் ஒத்துக்க மாட்டேன். எங்க பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைத்தெருவுல இது கிட்டத்தட்ட மத நம்பிக்கை மாதிரி ஆயிடுச்சு. வண்டி கொதிச்சா முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றுறது. கொதிச்சதுக்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் மோட்டரா, மூடியா, எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட்டான்னு யாரும் பார்க்கிறதில்லை.

எஞ்சின் குளிரா ஓடினா நல்லதுன்னு யார் சொன்னது? தண்ணி சூடாகாத வரைக்கும் கம்ப்யூட்டர் எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் பண்ணி வெப்பமேறாத எஞ்சினாத்தான் நினைக்கும், பெற்றோலைக் கூடுதலா விடும். எண்ணெயில சேர்ற ஈரமும் பெற்றோலும் ஆவியாகிப் போகாது, மூடிக்கு அடியில கோப்பி நிறத்துல களி பிடிக்கும். இன்னொண்ணு, பல டொயோட்டா எஞ்சின்கள்ல தெர்மோஸ்டாட்டோட அடித்தட்டு சூடானதும் பைபாஸ் பாதையை மூடுற மாதிரி செஞ்சிருப்பான். கழற்றிட்டா அந்தப் பாதை எப்பவும் திறந்தே கிடக்கும். தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே சுத்தி வரும். ஏத்தத்துல முழுப் பாரத்தோட போகும்போது அது கொதிக்கிறதுக்கே வழி. குளிர்ல சூடாகவும் விடாது, ஏத்தத்துல குளிரவும் விடாது.

மலைக்குப் போறவங்க கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி ரேடியேட்டர் மூடி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்க திறந்த சட்டியில தண்ணி 94 பாகையிலேயே கொதிச்சிடும். பல வண்டிகள்ல ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குறதே 95 பாகை கிட்டத்தான். நல்ல மூடி, 0.9 அல்லது 1.1னு எழுதினது, அழுத்தத்தைப் பிடிச்சு வச்சு கொதிக்கிற எல்லையை 115, 120க்குத் தள்ளிடும். ரப்பர் வெடிச்ச மூடியும் வெறும் குழாய்த் தண்ணியுமா மேல ஏறினா ஃபேன் எழும்புறதுக்கு முன்னாலேயே கொதிக்கும். உடனே பாஸ் வந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவார்! உள்ளதுலேயே மலிவான சாமான் அந்த மூடிதான், அதை யாரும் மாத்துறதில்லை.

விட்ஸ் தம்பி, உங்க கூலன்ட் நிறமில்லைன்னு சொன்னீங்க. யாழ்ப்பாணத்துல ஓடின வண்டி வேற. கிணத்துத் தண்ணியா விட்டிருப்பாங்க?

வெள்ளவத்தை விட்ஸ்

முந்தின சொந்தக்காரரிட்டக் கேட்டன். கோண்டாவில் வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் விடுறதெண்டார். தெர்மோஸ்டாட் பற்றிக் கேட்க, ஒருக்கால் கொதிச்சதாம், அங்க ஒரு பாஸ் என்னவோ கழற்றித் தந்தவராம், அவர் அதை எறிஞ்சிட்டாராம்!

பஞ்சிகாவத்தைக்காரன்

அப்ப ரெண்டு வேலை. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி, கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளையா படியிறது தெரியும்தானே, அதுவேதான் ஹீட்டர் கோருக்குள்ளேயும் படிஞ்சிருக்கும். கோர் குழாய்கள் ரொம்ப ஒடுக்கம், ரேடியேட்டரை விட முதல்ல அதுதான் அடைக்கும்.

முதல்ல தெர்மோஸ்டாட் போடுங்க. ஒரிஜினல் இல்லாட்டியும் பரவாயில்லை, நல்ல ஜப்பான் கம்பனி சாமான் கிடைக்கும். ரப்பர் வளையம் புதுசு வேணும். சின்னதா ஆடுற ஒரு பின் இருக்கும், ஜிகில் வால்வுன்னு சொல்லுவம். அது மேல் பக்கம் வர்ற மாதிரி வைக்கணும், காத்து அதால வெளியேறும். போட முன்னால அடுப்புல ஒரு சட்டித் தண்ணியில தொங்க விட்டு, வெப்பமானி வச்சுத் திறக்குதான்னு பார்க்கலாம். பழைய வண்டியில இருந்து கழற்றின தெர்மோஸ்டாட் தர்றோம்னு சொன்னா வாங்காதீங்க. 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டின காலத்துல வேற வழியில்லாம அதெல்லாம் ஓடிச்சு.

அதுக்குப் பிறகும் சூடு குறைவா இருந்தாத்தான் கோர் பக்கம் போங்க. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யச் சொல்லி வற்புறுத்தினா வேற கராஜ் பாருங்க.

கொட்டாஞ்சேனை அக்வா

இடையில புகுறதுக்கு மன்னிக்கணும். எனக்கு டொயோட்டா அக்வா, எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட். நுவரெலியாவில ஹீட்டரைப் போட்டா வண்டி நின்னாலும் எஞ்சின் நிக்கவே மாட்டேங்குது. பெற்றோல் இறங்குது. இதுவும் தெர்மோஸ்டாட்டா?

பஞ்சிகாவத்தைக்காரன்

இல்லை, அது அப்படித்தான். சூடு வேணும்னா எஞ்சின் ஓடியே ஆகணும், ஹைபிரிட்டா இருந்தாலும் சரி. வெப்பத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சா அடிக்கடி நிக்கும். ஆனா அக்வாவுல ரெண்டு கூலன்ட் போத்தில் இருக்கு. ஒண்ணு எஞ்சினுக்கு, ஒண்ணு மின்மோட்டருக்குக் கரண்டை மாத்திக் குடுக்கிற இன்வர்ட்டருக்கு. ஹீட்டர் பிரச்சினைக்கு எஞ்சின் பக்கத்தைத்தான் பார்க்கணும். தண்ணி பம்பும் பெல்ட்டுல ஓடாது, கரண்ட் பம்ப். அது பழுதானா சத்தமே இல்லாம ஹீட்டர் குளிரும், எஞ்சினும் கொதிக்கும்.

லீஃப் ராசாத்தி

நிசான் லீஃப் மின்சாரக் கார் வச்சிருக்கிறவங்களையும் சேர்த்துக்கங்க. எங்களுக்கு எஞ்சினும் இல்லை, வீணாப் போற சூடும் இல்லை. ஹீட்டரைப் போட்டா பட்டரியில இருந்து கிலோவாட் கணக்கில இழுக்கும், ஏத்தத்துல மீதி கிலோமீற்றர் கண்ணுக்கு முன்னாலேயே குறையும். நான் ஸீட் ஹீட்டரும் ஸ்டியரிங் ஹீட்டரும் மட்டும் போடுறேன், அதுக்குப் போறது சொற்பம். கண்ணாடி மங்கினா மட்டும் கொஞ்ச நேரம் டீஃபொக். ஹீட் பம்ப் (கரண்டைக் குறைவா எடுத்துச் சூடு தர்ற அமைப்பு) உள்ள மாடல் வாங்கினவங்க கொடுத்து வச்சவங்க.

மட்டக்குளி மாமா

பார்த்தீங்களா, சுவெட்டர்தான் எல்லாத்துக்கும் பொது.

வெள்ளவத்தை விட்ஸ்

வேலை நடந்தது. தெகிவளையில ஒரு கராஜில ஹவுசிங்கைத் திறந்தம். உள்ள ஒண்டுமில்லை, வெறும் ஓட்டை. ஓட்டையின்ர விளிம்பு முழுக்கச் செம்மண் நிறத்தில துரு. புது தெர்மோஸ்டாட், புது மூடி போட்டு, சிவப்புக் கூலன்ட் விட்டு, முன்பக்கத்தைச் சரிவான இடத்தில உயர்த்தி வைச்சு, ஹீட்டர் டயலை முழுச் சூட்டில விட்டு, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தரம் ஓடி நிக்கும் வரைக்கும் உள்ள அடைஞ்ச காத்தை வெளிய எடுத்தம்.

எஞ்சின் கம்ப்யூட்டரை வாசிக்கிற புளூடூத் ஓபிடி கருவி ஒண்டு நண்பரிட்ட வாங்கி, தண்ணிச் சூட்டைப் போனில பார்த்தன். ஜப்பான் உள்நாட்டு வண்டி எண்டபடியால் முதல் இணையயில்லை, செயலியில டொயோட்டாவுக்கு வேற அமைப்புக் குடுக்கத்தான் வந்தது. இப்ப காலி வீதியில 84க்கும் 90க்கும் இடையில நிக்குது. ஆனா ஹீட்டர்க் காத்து இன்னும் வெதுவெதுப்புதான். ஹோஸ் ரெண்டையும் தொட்டுப் பார்த்தன்: ஒண்டு கொதி, மற்றது கை வைச்சுக்கொண்டிருக்கலாம்.

ஸ்கார்பரோ அண்ணை

அப்ப கோர் அடைப்பு. டாஷைக் கழற்ற முதல் கழுவிப் பாருங்கோ. எஞ்சின் ஆறின பிறகு ரெண்டு ஹோஸையும் தகரச் சுவரடியில கழற்றி, தோட்டத்துக்குத் தண்ணி விடுற ரப்பர்க் குழாயால, வழமையாத் தண்ணி வெளிய வாற பக்கத்தால உள்ளுக்கு விடுங்கோ. வந்த வழியால ஊத்தை திரும்பிப் போகவேணும். பிறகு மாறி மாறி. கொம்பிரஸர்க் காற்று அடிக்க விடாதேங்கோ. பழைய அலுமினியக் கோர் வெடிச்சால் கார்ப்பெற்றெல்லாம் கூலன்ட்.

பஞ்சிகாவத்தைக்காரன்

அண்ணை சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. சுண்ணாம்புப் படிவுக்கு வெறும் தண்ணி பத்தாது. சிற்றிக் அசிட்டை இளஞ்சூட்டுத் தண்ணியில மெல்லிசாக் கரைச்சு கோருக்குள்ள கொஞ்ச நேரம் நிக்க விட்டுக் கழுவுவாங்க. பிறகு நல்ல தண்ணியால திரும்பத் திரும்ப அலசணும், அசிட் மிச்சம் நின்னா அலுமினியத்தைத் தின்னும். கழுவின தண்ணியை ஒரு வாளியில பிடிங்க. கூலன்ட் இனிப்பு, நாய் பூனை குடிச்சாச் செத்துப் போகும்.

ஒரு எச்சரிக்கை. படிவே சில நேரம் ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கும். கழுவினதுக்குப் பிறகு முன்னால இருக்கிறவர் கால்மாட்டுல ஈரம், உள்ளுக்கு இனிப்பு மணம், கண்ணாடியில துணியால துடைச்சாலும் போகாத எண்ணெய் மாதிரிப் படலம், இதுல எது தெரிஞ்சாலும் கோர் ஒழுகுது. அப்பதான் கோர் மாத்துற பேச்சு, அதுக்கு டாஷ் இறக்க வேண்டி வரும். அந்தக் கட்டத்துல ஹோஸைச் சேர்த்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓடுறதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். காரணம் தெரிஞ்சு செய்யிறது வேற.

வெள்ளவத்தை விட்ஸ்

கழுவியாச்சு. முதல் வந்தது தேத்தண்ணி நிறத்தில. அசிட் விட்ட பிறகு வெள்ளைச் செதில் செதிலா, நகத்தளவில, வாளிக்கு அடியில படிஞ்சுது. குழாயில தண்ணி வாற வேகமே மாறிட்டுது.

அதுக்குப் பிறகும் டயலைத் திருப்பச் சூடு குறையுறதும் இல்லை, கூடுறதும் இல்லை. பாஸ் டாஷுக்கு அடியில தலையை விட்டுப் பார்த்தவர். டயலில இருந்து போற கம்பி, உள்ள சூட்டுக் காத்தைத் திறந்து மூடுற சின்னக் கதவின்ர கொக்கியில இருந்து கழன்று கிடந்தது. கொழும்பில எப்பவும் நீலப் பக்கமே இருந்து இறுகினது, நான் நுவரெலியாவில பலமாத் திருப்ப விட்டுட்டுது போல. கிளிப்பைத் திரும்பப் போட்டு, மூட்டில கிறீஸ் வைச்சார். அந்த வேலைக்குக் காசே வாங்கயில்லை.

நானுஓயா பனி

இது நெறையப் பேருக்கு இருக்குங்க. மாசத்துக்கு ஒருக்கா அந்த டயல இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்குத் திருப்பி விடுங்க, கொழும்புல இருந்தாலும். அப்படியே டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால இருக்கிற காத்து ஃபில்டரயும் இழுத்துப் பாருங்க. கொழும்புத் தூசியில அது சாக்கு மாதிரி ஆயிருக்கும். சூடு இருந்தும் காத்து வரலைன்னா அதுதான்.

வெள்ளவத்தை விட்ஸ்

பார்த்தன். ஆலமிலை ரெண்டு, ஒரு கரப்பான், மிச்சம் கறுப்பு. மாத்தியாச்சு.

போன கிழமை கம்பளை ரோட்டால மேல போனம். புசல்லாவையில டயலை நடுவுக்குக் கொண்டு வந்திட்டன், அதுக்கு மேல இருக்க ஏலாத சூடு. றம்பொடையில இறங்கேக்க போனில 81, நீல லைட் பத்தவேயில்லை. ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போடக் கண்ணாடி கொஞ்ச நேரத்தில தெளிஞ்சுது.

ஸ்கார்பரோ அண்ணை

நல்லது. ஒரு மாசம் கழிச்சு, எஞ்சின் ஆறினாப் பிறகு, ரேடியேற்றர்த் தண்ணி குறைஞ்சிருக்கோ பாருங்கோ. ஒழுக்கு ஒண்டும் தெரியாமக் குறைஞ்சு கொண்டே போனால், மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணேக்க குமிழி வந்தால், ஹெட் கேஸ்கற்றைச் சோதிக்க வேணும். முந்தி ஒருக்கால் கொதிச்ச வண்டி எண்டபடியால் சொல்லுறன்.

கொட்டாஞ்சேனை அக்வா

இரவில நுவரெலியாவில ரூம் கிடைக்காம வண்டிக்குள்ளேயே ஹீட்டர் போட்டுத் தூங்கலாமா? சித்திரை சீசனுக்கு ஆக்கள் அப்படிச் செய்றாங்க.

நானுஓயா பனி

வேணாங்க. வண்டிய நிப்பாட்டி எஞ்சின ஓட விட்டுட்டுத் தூங்காதீங்க. சைலன்சர்ல சின்ன ஓட்ட இருந்தாக்கூட பொகையில இருக்கிற நச்சு வாயு உள்ள வரும், அதுக்கு மணமே கிடையாது, எந்திரிக்கவே மாட்டீங்க. மூடின கராஜுக்குள்ள இன்னும் மோசம். ஹட்டன்லயோ தலவாக்கலையிலயோ முதல்லயே ரூம் பேசி வச்சிட்டு வாங்க, நுவரெலியா வெலையும் இருக்காது.

மட்டக்குளி மாமா

விட்ஸ் தம்பி, ஒண்டு மட்டும் சொல்லுங்க. பெற்றோல் செலவு குறைஞ்சிருக்கா இல்லையா? பஞ்சிகாவத்தைக்காரர் பெரிசாச் சொன்னாரே.

வெள்ளவத்தை விட்ஸ்

மாமா, கொழும்புக்குள்ள லீற்றருக்கு முந்தியை விட ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டக் கூடுதலா ஓடுது. டிராஃபிக்கைப் பொறுத்து மாறும், அதால முழுக்கத் தெர்மோஸ்டாட்டின்ர கணக்கில போட மாட்டன். காலமைதான் வித்தியாசம் நல்லாத் தெரியுது. நீல லைட் முந்தி பம்பலப்பிட்டி தாண்டியும் நிக்கும், இப்ப எங்கட ஒழுங்கையை விட்டு மெயின் ரோட்டுக்கு ஏறிக் கொஞ்சத்திலயே அணைஞ்சிடுது.

மட்டக்குளி மாமா

ம்ம். லான்சருக்குத் தெர்மோஸ்டாட் இன்னும் பஞ்சிகாவத்தையில கிடைக்குமா? 4ஜி15 எஞ்சின்.

பஞ்சிகாவத்தைக்காரன்

கிடைக்கும் மாமா, ஓடுற சாமான்தான். வரும்போது ஹவுசிங்கைப் போன்ல படம் எடுத்துக்கிட்டு வாங்க, ரெண்டு மூணு அளவு இருக்கு. மூடியையும் கழற்றிக் கொண்டு வாங்க, ரப்பரைப் பார்த்துச் சொல்றேன்.